மறுப்பு இல்லையெனில்

கை எழுகிறது, இறங்குகிறது. பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிடுகிறேன். கை எழுகிறது, இறங்குகிறது. தட்டியதா, சும்மா வைத்ததா? சட்டமன்றக் காணொளியில் மூன்றாவது வரிசை, தூண் ஓரத்து இருக்கை, ஊதாக் கரை போட்ட பருத்திப் புடவை. அது அமலோற்பவம், முகத்திட்டுத் தொகுதியின் உறுப்பினர், ஆளுங்கட்சி. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் மேசையைத் தட்டுகிறார்கள், சிலர் இரண்டு கையாலும். சபாநாயகர் இப்போதுதான் சட்டமுன்வடிவு நிறைவேறியது என்று சொல்லி முடித்தார். அதற்கு முன்னால், ஏற்போர் ஆம் என்க என்றார், கூடம் அதிர ஆம் வந்தது. மறுப்போர் இல்லை என்க என்றார், எதிர்வரிசையிலிருந்து நாலைந்து குரல் வந்தது, அதற்குள் அவர் ஆம் என்போரே அதிகம் என்று சொல்லி அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். யார் யார் ஆம் சொன்னார்கள், யார் வாயையே திறக்கவில்லை, யாரும் எழுதி வைப்பதில்லை. குரல் வாக்கெடுப்பு என்றால் அவ்வளவுதான், கூச்சல் எந்தப் பக்கம் அதிகமோ சட்டம் அந்தப் பக்கம். அந்தச் சட்டம் வந்ததால் கடலோரக் குப்பங்களில் கருவாடு காயப்போடும் மணலை எடுத்து நடைபாதையும் கண்ணாடி வைத்த உணவகமும் கட்டலாம் என்றாகிவிட்டது. இப்போது தேர்தல். முகத்திட்டு முழுக்கச் சுவரொட்டி, ‘நம் மணலை விற்க வாக்களித்தவர் அமலோற்பவம்’ என்று. அது உண்மையா, பொய்யா என்று பார்த்து இணையதளத்தில் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. பாதி ஆயுசைப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துவதில் கழித்துவிட்டு, இப்போது அரசியல்வாதிகளின் பேச்சில் பிழை பார்க்க வந்திருக்கிறேன். ஒற்றெழுத்துப் பிழைக்காவது ஒரு விதி உண்டு.

என்னோடு வேலை பார்க்கும் இர்ஃபான் கட்டுரையை எழுதி முடித்து எங்கள் அரட்டைக் குழுவில் போட்டுவிட்டான். முடிவு: உண்மை. போட்ட கையோடு கோயம்புத்தூரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மாதங்கி கட்டைவிரலை உயர்த்திவிட்டாள், அவளுக்குப் பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை, எல்லாவற்றுக்கும் கட்டைவிரல்தான். மூன்றாவது ஆள் நான். எங்கள் வழக்கம் என்னவென்றால், எழுதியதைக் குழுவில் போட்டு அரை மணி நேரம் காத்திருப்போம், அதற்குள் மறுப்பு வரவில்லையென்றால் மூவரும் ஏற்றதாக எடுத்துக்கொண்டு வெளியிட்டுவிடுவோம். ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கெஞ்சிச் சம்மதம் வாங்கிக்கொண்டிருந்தால் பொய் ஊரைச் சுற்றி வந்து சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்துவிடும் என்று இந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். நல்ல விதி. யாரும் குறை சொன்னதில்லை. மறுப்பு என்று ஒரு வார்த்தை, பிறகு காரணம், அவ்வளவு தட்டினால் போதும், கட்டுரை நின்றுவிடும். தட்டத்தான் போகிறேன். காரணத்தை மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும், இர்ஃபான் சும்மா விடமாட்டான், காலையிலேயே தேநீர்க் குவளையோடு வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு வாதாடினான். “அக்கா, எழுந்து நின்னு டிவிஷன் கேட்டிருக்கலாம்ல? ஒவ்வொருத்தரா எழுப்பி எண்ணியிருப்பாங்க. இல்ல, வெளிநடப்பு பண்ணியிருக்கலாம். அதுவும் இல்ல. உள்ளயே உக்காந்திருந்தாங்க. உக்காந்திருந்தா சம்மதம்னுதான அர்த்தம்?” என்றான். “அப்ப நம்ம ஆபீஸ்ல உக்காந்திருக்கறவன் எல்லாம் வேலை செய்றான்னு அர்த்தமாடா?” என்றேன். சிரித்தான், ஆனால் விடவில்லை. போன மாதம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் விஷயத்தில் இதே மாதிரி உண்மை என்று போட்டிருக்கிறோம், அவரும் உள்ளே உட்கார்ந்திருந்தவர்தான், இப்போது ஆளுங்கட்சிப் பெண்மணிக்கு மட்டும் வேறு அளவுகோல் வைத்தால் நம்மை விலைபோனவர்கள் என்பார்கள் என்றான். அதுவும் நியாயம்தான். அவன் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடியில் பக்கெட் வைத்திருக்கிறோம், பச்சைப் பக்கெட், முதலில் டங் என்று விழுந்துகொண்டிருந்தது, இப்போது பாதி நிரம்பிவிட்டதால் ப்ளுக் என்கிறது. கீழே ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் இழுத்து இழுத்துத் துப்புகிறது. சித்திரை வெயில் ஜன்னல் திரைக்கு வெளியே வெள்ளையாக நிற்கிறது. தயிர்சாதம் சாப்பிட்டிருக்கக் கூடாது, மதியத் தயிர்சாதம் மனுஷியைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறது. ப்ளுக். கை எழுகிறது. அந்தச் சுவரொட்டியில் இருக்கும் படம் இதுவல்ல, அதை இர்ஃபானே கண்டுபிடித்துவிட்டான், கெட்டிக்காரன். அந்தப் படத்தில் அமலோற்பவம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு மேசையைத் தட்டுகிறாள், ஆனால் அது அன்றைக்குக் காலையில், பளு தூக்கிப் பதக்கம் வாங்கிய பெண்ணுக்குப் பாராட்டுத் தீர்மானம் வந்தபோது எடுத்தது. அதைச் சட்டத்துக்குத் தட்டியதாக ஒட்டிவிட்டார்கள். படம் பொய், வாக்கு உண்மை என்று இர்ஃபான் பிரித்து எழுதியிருக்கிறான். ஆனால் வாக்கு எங்கே இருக்கிறது? காணொளியில் ஆம் என்று கூடம் அதிரும்போது அவள் வாய் மூடியிருக்கிறது. கையில் ஒரு பேனா, மூடியைக் கழற்றுகிறாள், போடுகிறாள். இல்லை என்க என்னும்போதும் வாய் மூடித்தான் இருக்கிறது. மூடியைக் கழற்றுகிறாள், போடுகிறாள். பிறகு எல்லாரும் தட்டும்போது பக்கத்து ஆள் அவளைத் திரும்பிப் பார்க்கிறார், அப்போதுதான் அந்தக் கை எழுகிறது. எழுந்து மேசைமேல் மல்லாந்த மாதிரியும் இல்லாமல் கவிழ்ந்த மாதிரியும் இல்லாமல் இறங்கி அங்கேயே கிடக்கிறது. மீன் சந்தையில் கடைசியாக மிஞ்சிய மீன் பலகையில் கிடக்குமே, அப்படி.

சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எழுதக்கூடாது என்பது இன்னொரு விதி, அதனால் காலையில் நான்தான் போன் போட்டேன். பின்னணியில் பிரச்சார வண்டியின் பாட்டு, யாரையோ சத்தம் குறைக்கச் சொன்னாள், குறைத்தார்கள். உதவியாளர் பேசுவார், கட்சி சொல்லிக்கொடுத்த பதில் வரும் என்று நினைத்தேன், அவளே பேசினாள். “எம்மா, நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அப்படியே எழுதிக்கிடுங்க” என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பயந்துட்டேன். கொறடா காலைலயே சொல்லிட்டாரு, மாத்திப் பேசுனா பதவி போயிரும்னு. ஆனா உள்ளுக்குள்ள இல்லை இல்லைன்னுதாம்மா சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கே காது அடைக்கிற மாதிரி சத்தமா” என்றாள். எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். உள்ளுக்குள் சொல்வதற்கா ஊர் இவளுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பியது? சட்டமன்றத்தில் மனசுக்கு ஒலிபெருக்கியா வைத்திருக்கிறார்கள்? இதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன். “கேளுங்க, நல்லா கேளுங்க. எங்கம்மா உசிரோட இருந்தா செருப்பால அடிச்சிருப்பா, அந்த மணல்லதான் எங்களை வளத்தா” என்றாள். பிறகு மெதுவாக, இன்றைக்குச் சாயங்காலம் ஊர்க்கமிட்டி கோயில் திடலில் கூடுகிறது, நீங்கள் போடுவதை மைக்கில் வாசிக்கப் போகிறார்கள், நான் வாக்களித்தேன் என்று நீங்களும் சொல்லிவிட்டால் என் அண்ணன் படகைக் கரையிலிருந்து தள்ள ஒருத்தர் கை கொடுக்க மாட்டார்கள் என்றாள். “தேர்தல் போனா போவுதும்மா. நான் செஞ்சதைப் போடுங்க, செய்யாததைப் போடாதீங்க.” நான் சரி என்றேன். சரி என்றால் என்ன அர்த்தம், கேட்டுக்கொண்டேன் என்றா, செய்கிறேன் என்றா? இர்ஃபான் அந்தப் பேச்சையும் கட்டுரையில் கடைசி வரியாகச் சேர்த்திருக்கிறான்: தாம் எதிர்க்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஓர் எழுத்து பிசகவில்லை. அவள் சொன்னதுதான், ஆனால் அவள் சொன்னது அதுவல்ல.

காதில் மாட்டியதைக் கழற்றினாலும் அந்தத் தட்டல் சத்தம் போகவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தகர ஷெட்டின்மேல் மழை பெய்த சத்தம் இது. அப்பா உள்ளே இருந்தார், வாயில் குழாய், மார்பு மட்டும் இயந்திரத்தின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. டாக்டர் சின்னப் பையன், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றான். அண்ணன், அண்ணி, நான். இனிப் பிரயோஜனமில்லை என்பதை நாலு விதமாகச் சொல்லிவிட்டு, “அப்ப எடுத்துடலாமா?” என்றான். அண்ணன் தரையைப் பார்த்தான். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன், ஷெட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரே கோடாக விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், அவனுக்கும் பாவம், எத்தனை தாழ்வாரம். பிறகு “சரி” என்று அவனே சொல்லிவிட்டு உள்ளே போனான். நாங்கள் சொல்ல வேண்டிய சரியை அவன் சொல்லிவிட்டுப் போனான். திவசத்துக்குத் திவசம் அண்ணன் எப்படியாவது அந்த இடத்துக்கு வந்துவிடுவான், “நீதானே சரின்னு தலையாட்டின?” என்பான். நான் ஒண்ணும் சொல்லலண்ணா என்பேன். ஆட்டினேனா? மழையைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன், அது ஆட்டியதுபோல் இருந்திருக்குமோ? அதற்குக் காணொளி இல்லை, பின்னுக்கு இழுத்துப் பார்க்க முடியாது. இருந்தால் பார்ப்பேனா, அதுவும் தெரியாது. பயமாக இருக்கிறது. வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் ஆம் என்றவர்கள் என்று இர்ஃபான் எழுதி, நான் பேசாமல் விட்டுவிட்டால், அது முகத்திட்டோடு நிற்காது, அந்தத் தாழ்வாரம் வரைக்கும் வரும். அப்பாவின் மார்பு ஏறியது, இறங்கியது. கை எழுகிறது, இறங்குகிறது. அதனாலேயே நான் மறுக்கிறேனோ? அமலோற்பவத்துக்காகவா, எனக்காகவா? எனக்காக என்றால் இந்த மறுப்பு செல்லுமா? உண்மை பார்க்க உட்கார்ந்தவள் சொந்தக் கதையைக் கொண்டுவந்து தராசில் வைக்கலாமா? ப்ளுக்.

இல்லை, காரணம் வெளியிலேயே இருக்கிறது, என்னை ஒதுக்கி வைத்துவிட்டே சொல்லலாம். குரல் வாக்கெடுப்பில் குரல் கொடுக்காதவர் வாக்களித்தவர் ஆகமாட்டார். அழகாக இருக்கிறது, ஆனால் மேடைப் பேச்சு வாடை. தனி உறுப்பினரின் வாக்கு பதிவாகாத இடத்தில், அவர் வாக்களித்தார் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. இது நல்லது. ‘நம்மிடம்’ வேண்டாம், ‘சொல்ல ஆதாரம் இல்லை’ போதும். எதிர்க்கவும் இல்லை என்பதை அதே பத்தியில் சொல்லிவிட வேண்டும், அவளைத் தப்பவிடக் கூடாது, அவளும் தப்பக் கேட்கவில்லை. எனவே முடிவு ‘உண்மை’ அல்ல, ‘சொல்ல இயலாது’. போன மாதத்து எதிர்க்கட்சிக்காரரின் கட்டுரையையும் திருத்த வேண்டும், வெட்கப்படாமல் திருத்துவோம், அவருக்கும் அதே அநியாயம்தான் நடந்திருக்கிறது. அட, இதுதான் இர்ஃபானுக்குப் பதில், அளவுகோல் ஒன்றே, முன்பு கோணலாகப் பிடித்துவிட்டோம். ‘கோணலாக’ வேண்டாம், ‘தவறாக’. வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நிற்கின்றன, நான் ஒவ்வொன்றின் தலையையும் வாரிவிடுகிறேன். கண் தானாக மூடுகிறது, மூடினால்தான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. மறுப்பு. பிறகு ஒரு முற்றுப்புள்ளியா, காற்புள்ளியா? மணல் கதகதப்பாக இருக்கிறது, விரித்த வலைமேல் நெத்திலி வெள்ளி வெள்ளியாகக் காய்கிறது, நான் அந்த ஊருக்குப் போனதேயில்லை, ஆனால் காலில் சுடுகிறது. தூரத்தில் படகு ஒன்றைத் தள்ளுகிறார்கள், ஏலேலோ எல்லாம் இல்லை, சும்மா மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளுகிறார்கள், அப்பா நடுவில் நின்று தோள் கொடுக்கிறார், வாயில் குழாய் இல்லை. ஏற்போர் ஆம் என்க என்று யாரோ சொல்கிறார்கள், கடல் ஆம் என்கிறது. மறுப்போர் இல்லை என்க. நான் இல்லை என்கிறேன். இல்லை, இல்லை, இல்லை. என்ன தெளிவான குரல், எனக்கே பெருமையாக இருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். படகு நிற்கிறது. மனசு லேசாகிவிட்டது, சொல்லியாகிவிட்டது, காரணமும் சொல்லியாகிவிட்டது, ஒரு புள்ளி பிசகாமல். இனி அவன் வாதாடட்டும். ப்ளுக் என்ற சத்தம் இப்போது எங்கோ அடியிலிருந்து வருகிறது.

“அக்கா, பக்கெட்!” என்று இர்ஃபான் கத்துகிறான். விழிக்கிறேன். பக்கெட் நிரம்பி வழிந்து தண்ணீர் என் செருப்புவரை வந்திருக்கிறது. அவன் இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், வழியெல்லாம் சிந்துகிறது. திரையில் காணொளி முடிந்து கறுப்பாக நிற்கிறது, அதில் என் முகம், கன்னத்தில் உள்ளங்கையின் தடம். திரும்பி வந்தவன் துடைப்பத்தைத் தேடிக்கொண்டே, “செம போகுதுக்கா, அதுக்குள்ள முகத்திட்டு குரூப் எல்லாத்துலயும் வந்துருச்சு” என்கிறான். எது என்கிறேன். “அமலோற்பவம்தான். உண்மைன்னு போட்டுட்டேன்.” நான்தான் மறுத்தேனே என்கிறேன். அவன் நிமிர்ந்து பார்க்கிறான், தன் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறான், கிண்டல் செய்கிறேனோ என்று மறுபடி என் முகத்தைப் பார்க்கிறான். “இல்லையேக்கா. அரை மணிக்கு மேலயே வெயிட் பண்ணேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே?” என் கணினியில் குழுவைத் திறக்கிறேன். இர்ஃபானின் கட்டுரை, மாதங்கியின் கட்டைவிரல், அதற்குக் கீழே வெள்ளை. தட்டுவதற்கான கட்டத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. எங்கள் தளத்தைத் திறக்கிறேன். அவளது படம், அதன்மேல் பச்சை முத்திரை, அடியில் சின்ன எழுத்தில் வழக்கமான வரி: எழுதியவர் இர்ஃபான், சரிபார்த்தவர்கள் மாதங்கி, குமுதவல்லி, மூவரும் ஏற்ற முடிவு. என் பெயர்கூடப் பிழையில்லாமல் இருக்கிறது. “எடுத்துருடா, உடனே எடு” என்கிறேன். “எடுக்கறேன்க்கா, ஆனா ஊர்க்காரங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டுட்டாங்களாம், திடல்ல ஒட்டறதுக்கு” என்கிறான், குரல் இறங்கிவிட்டது, கை கணினிக்குப் போகிறது. நல்ல பையன், அவன் மேல் என்ன தப்பு, என் விதிப்படி நடந்திருக்கிறான். மேசையில் என் போன் அதிர்கிறது. அதிர்ந்து அதிர்ந்து ஈரத்தில் வழுக்கி ஓரத்துக்கு நகர்கிறது. அமலோற்பவம். எடுக்கிறேன். இந்த முறை பாட்டு இல்லை, மைக்கைச் சோதிக்கும் குரல் மட்டும் தூரத்தில் கேட்கிறது, ஒன், டூ, ஒன், டூ.

“எம்மா, மூணு பேரும் ஏத்துக்கிட்டதா போட்டிருக்கே” என்கிறாள். திட்டவில்லை, அழவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். “நீங்களுமாம்மா?”

இர்ஃபான் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறான். ஏசி வெறுந்தரையில் சொட்டுகிறது.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா” என்கிறேன்.